சித்தப்பா மகள் தங்கை, மாமா மகள் மட்டும் எப்படி முறைப்பெண்?

இரண்டு பேரும் ஒரே தூரத்து இரத்தம்தானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, இருவரோடும் சராசரியாக எட்டில் ஒரு பங்குதான் பொது. ஆனால் நம் உறவுமுறை இரத்தத்தை அளப்பதில்லை, பங்காளியா மாமன் மச்சானா என்றுதான் பார்க்கிறது.

பதில் நம் சொற்களிலேயே இருக்கிறது. அப்பாவின் தம்பி சித்தப்பா, அம்மாவின் தங்கை சித்தி, அதாவது அவர்களும் ஒரு அப்பா, ஒரு அம்மா. அவர்கள் பிள்ளைகள் உங்களுக்கு உடன்பிறப்பு. ஆனால் அப்பாவின் தங்கை அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் அண்ணன் மாமா, மாமனாரும் மாமா. கல்யாணத்துக்கு முன்பே அந்த வீடு சம்பந்தி வீடாகத்தான் நிற்கிறது. காதுகுத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதையும், அந்த வீட்டிலிருந்து சீர்த்தட்டு வருவதையும் கவனித்துப் பாருங்கள்: பெண் கொடுத்த வீட்டோடு உறவு அடுத்த தலைமுறையிலும் தொடர்கிறது.

லூயிஸ் மார்கன் என்ற அமெரிக்கர் 1871லேயே இந்தத் தமிழ் முறையைப் பற்றி எழுதி, அங்குள்ள இரோகுவா பழங்குடிகளின் முறையோடு ஒப்பிட்டார். அவர்களும் அப்பாவின் சகோதரனை அப்பா என்றே அழைப்பார்கள்!

அப்புறம் சட்டம். 1955 இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்தாலும் வழக்கம் இருந்தால் விலக்கு தருகிறது. ஆனால் முறை இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நெருங்கிய சொந்தத்தில் பிறக்கும் குழந்தைக்குச் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பும் கூடுகிறது, அதனால் நிச்சயம் செய்வதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.