ரேங்க் வாங்கும் மகன், கிரேடு வாங்கும் மகள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கோவிந்தாபுரம் அருகே வசிக்கிறோம். மகள் கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு. மகன் எல்லை தாண்டி, பொள்ளாச்சிப் பக்கத்துத் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மகளுக்குக் கிரேடு, மகனுக்கு மாதந்தோறும் ரேங்க். கணக்கென்றால் உயிராக இருந்தவன், இப்போது எதைச் சொன்னாலும் "இது பரீட்சைக்கு வருமா?" என்று மட்டுமே கேட்கிறான். முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள் என்றேன். எட்டாம் ரேங்குக்கு இறங்கிவிட்டான். அவனையும் கிரேடு உள்ள பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: கிரேடு வந்தால் போட்டி போய்விடும் என்று நம்பிப் பள்ளியை மாற்றாதீர்கள். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு 2005-இல் கிரேடு முறை வந்தபோது, ஓரிரு மார்க் வித்தியாசத்துக்காகப் பிள்ளைகள் அல்லாடக் கூடாது என்பதே எண்ணமாக இருந்தது. ஆனால் 90 வாங்கினால் ஏ பிளஸ், 89 வாங்கினால் ஏ என்று அந்த ஒரு மார்க் இன்றும் பிள்ளைகளைப் பிரிக்கிறது. பிளஸ் ஒன் சேர்க்கையும் கிரேடு புள்ளிகளை வைத்தே நடப்பதால், 'ஃபுல் ஏ பிளஸ்' வாங்கிய பிள்ளைகளின் ஃபிளெக்ஸ் பலகைகளை ஒவ்வோர் ஆண்டும் வழியெங்கும் பார்க்கிறோம். தமிழ்நாடு 2017-இல் பொதுத்தேர்வுகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. உங்கள் மகன் பள்ளியிலோ ஆறாம் வகுப்புக்கே ரேங்க் போடுகிறார்கள். எண்ணோ எழுத்தோ, அதை வைத்துப் பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடும் வரை விளைவு ஏறத்தாழ ஒன்றுதான்.

இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. விடைகளைத் திருத்தியபின் ஒரு பிரிவினருக்கு மார்க் மட்டும், ஒரு பிரிவினருக்கு எதை எப்படிச் சரிசெய்யலாம் என்ற குறிப்பு மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த முறை அதிக ஆர்வத்தோடும் திறத்தோடும் செய்தார்கள். இரண்டையும் பெற்றவர்கள், பொதுவாக, மார்க் மட்டும் பெற்றவர்களின் நிலையிலேயே இருந்தார்கள். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து விடைத்தாள்களில் குறிப்பெழுதிக் கொடுப்பேன். பிள்ளைகள் மேலே இருக்கும் மார்க்கைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் மார்க்கையும் எட்டிப் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அதே ஆய்வில், மார்க் பெற்றாலும் நன்றாகச் செய்துவந்த பிள்ளைகளின் ஆர்வம் பெரிதும் குறையவில்லை, பின்தங்கியவர்களுடையதே குறைந்தது. முன்வரிசையில் இருந்தவரை உங்கள் மகனுக்கும் கணக்கு பிடித்திருந்து, எட்டாமிடத்தில் அதுவே கசப்பதில் வியப்பில்லை.

சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ரேங்குக்காக இல்லை, அவனுக்கு அது தேவை என்பதற்காக என்று சொல்லியே கொடுங்கள். 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் நடத்திய ஆய்வில், பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த சிறு குழந்தைகள், ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

பரீட்சையைப் பகையாக நினைக்க வேண்டாம். படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரத்துக்குப் பிறகும் மனத்தில் நிற்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மார்க் எதுவும் போடாமல், அன்றைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் இருவரையும் சொல்லச் சொல்லுங்கள்.

மகனின் விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் மார்க் இருக்கும் மூலையை மடித்துவிட்டு, தவறான கணக்குகளை மட்டும் அவனோடு பாருங்கள். வழி தெரியாமல் விட்டதா, வழி தெரிந்தும் கூட்டலில் சறுக்கியதா, கேள்வியே புரியவில்லையா என்று அவன் வாயாலேயே சொல்லவைத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு கணக்கை மறுபடி போடச் செய்யுங்கள். "அக்கா என்ன கிரேடு, நீ என்ன ரேங்க்" என்ற பேச்சு வீட்டில் வேண்டாம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள்.

மகளைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். 2024-25 முதல் கேரளத்தில் எட்டாம் வகுப்பு எழுத்துத்தேர்வில் பாடந்தோறும் குறைந்தது 30 விழுக்காடு வேண்டும். எட்டாதவர்களுக்குச் சிறப்பு வகுப்பும் மறுதேர்வும் உண்டு. அவளுக்கு அப்படி வகுப்பு வந்தால் அதை அவமானமாகப் பேசாமல் தவறாது அனுப்புங்கள், ஏனென்றால் இந்த ஏற்பாட்டிலேயே அவளுக்கு உண்மையில் பயன்படுவது அந்த வகுப்புதான்.

மகனின் வகுப்பாசிரியரைச் சந்தித்து, ரேங்கை வகுப்பில் உரக்கப் படிக்கிறார்களா, அதன்படி இடம் மாற்றி உட்காரவைக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால், அவன் பெயரையாவது விட்டுவிடுமாறு பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் இசையாமல், ஆண்டுத் தேர்வு வரையிலும் அவன் கணக்குப் புத்தகத்தைத் தானாகத் திறக்காமலே இருந்தால், அப்போது பள்ளி மாற்றத்தைப் பற்றி அவனிடமும் கேட்டு முடிவெடுங்கள்.