கொலனோஸ்கோப்பி சுத்தமாக வந்தால் எத்தனை வருஷத்துக்கு நிம்மதி?

கேள்வி: எனக்கு 52 வயது. கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்தேன், ரிப்போர்ட் நார்மல். பத்து வருஷம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். அவ்வளவு நாள் விடலாமா டாக்டர்?

விடலாம். பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப்பிலிருந்துதான், அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறது. சின்ன பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும். ஸ்வீடனில் குடும்ப வரலாறு இல்லாத, முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லாத 1,10,074 பேரை ஆராய்ந்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். இடைவெளியை 15 வருஷமாக நீட்டினால், 1,000 பேரில் 2 பேருக்கு நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நழுவும், ஒரு மரணம் கூடும். ஆனால் 1,000 கொலனோஸ்கோப்பி மிச்சம். அமெரிக்க வழிகாட்டுதல் இன்னும் 10 வருஷம்தான்; நானும் அதையே சொல்வேன்.

கேள்வி: பரிசோதனை ஒழுங்காக நடந்ததா என்று ரிப்போர்ட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். அந்தப் பத்து வருஷமே இதை நம்பித்தான் இருக்கிறது. மூன்று விஷயம் பாருங்கள்.

கருவி பெருங்குடலின் தொடக்கப் பகுதியான சீகம் வரை போனதா? குடல்வால் திறப்பின் படம் இருக்க வேண்டும். குடல் சுத்தத்துக்கு பாஸ்டன் மதிப்பெண் போட்டிருப்பார்கள்: வலது, நடு, இடது என ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 3. மூன்றிலும் குறைந்தது 2 வேண்டும். கூட்டுத்தொகை 6 வந்தும் வலது பக்கம் 1 என்றால், அது போதாது. ஒரு வருஷத்துக்குள் திரும்பச் செய்யணும். மூன்றாவது, கருவியை வெளியே இழுத்த நேரம். பாலிப்பைத் தேடுவது அப்போதுதான். முன்பு 6 நிமிடம் போதும் என்றார்கள், 2024-லிருந்து சராசரி 8 நிமிடம்.

வலது பக்கத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அங்கே வரும் ‘செரேட்டட்’ என்ற வகைப் பாலிப் தட்டையாக, குடலின் நிறத்திலேயே, மேலே சளி படிந்து கிடக்கும். கொஞ்சம் மலம் ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். ‘நார்மல்’ என்று வந்த சில வருஷத்திலேயே புற்று தெரிவதற்கு இப்படித் தவறவிட்ட பாலிப் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன தப்பு செய்தேன்?

பெரும்பாலும் மருந்து முழுவதையும் முந்தின நாளே குடித்து முடித்திருப்பீர்கள். ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கி வலது பக்கத்தை மறுபடி மூடிவிடும். 2 லிட்டர் கரைசல் என்றால் 1 லிட்டரை மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கத் தொடங்குங்கள். 2 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். முந்தின நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம், இளநீர் சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள், அது மலத்தைக் கறுப்பாக ஒட்ட வைக்கும். சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள் 3 நாள் முன்பே நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: 5 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் எடுத்தார்கள். இதுவும் ‘கிளியர்’ கணக்கா?

ஏறக்குறைய. பயாப்சியில் (எடுத்த திசுவைச் சோதிப்பதில்) சாதாரண அடினோமா, அதாவது இன்னும் புற்றாகாத பாலிப் என்று வந்தால், அடுத்த பரிசோதனை 7 முதல் 10 வருஷம் கழித்து. மூன்று, நான்கு இருந்தால் 3 முதல் 5. ஒன்றே ஆனாலும் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் 3 வருஷம். பயாப்சி தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்று வந்தது. எனக்கு 39-ல் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை.

உங்களுக்குப் பத்து வருஷக் கணக்கு பொருந்தாது. 5 வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். தம்பி, தங்கை இருந்தால் 38 வயதிலேயே தொடங்கச் சொல்லுங்கள்: அப்பாவின் வயதில் பத்து குறைவு, அல்லது 40, இதில் எது முந்தியதோ அது. குடும்பத்தில் இன்னும் சிலருக்குக் குடல் புற்றோ கருப்பைப் புற்றோ இருந்தால் லின்ச் என்ற, இந்தப் புற்றுகளைப் பரம்பரையாக வரவைக்கும் குறைபாட்டுக்கான மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். அது இருப்பவர்களுக்கு 1 முதல் 2 வருஷத்துக்கு ஒரு தடவை கொலனோஸ்கோப்பி.

கேள்வி: மூன்று வருஷம் முன்பு சுத்தமாக வந்தது. இப்போது மலத்தில் ரத்தம். மூலம்தானே?

மூலமாக இருக்கலாம். ஆனால் வீட்டிலேயே அப்படி முடிவு கட்டாதீர்கள். பத்து வருஷம் என்பது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம், இதில் எது வந்தாலும் பழைய ரிப்போர்ட்டோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.