முற்றத்து வெயில் உள்ளே வர மறுக்கிறதா?

கேள்வி: ஆரணியில் ஒரு பட்டு நெசவுக் குடும்பத்தின் பழைய முற்றத்து வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். பிளெண்டர் என்ற 3D மென்பொருளில், சைக்கிள்ஸ் என்ற அதன் படமாக்கும் பகுதியில், தாழ்வாரத்தைப் படமாக்கினேன். குளோபல் இல்லுமினேஷன் தானாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். உள்ளே ஒரே இருட்டு. 14 பாயின்ட் லைட் (பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் ஒளி தருவது) போட்ட பிறகு வெளிச்சம் வந்தது, ஆனால் வீடு வீடாக இல்லை. படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் வேறு. என்ன செய்ய?
- ஒரு வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: முதலில் அந்த 14 விளக்கையும் அணையுங்கள். அழிக்க வேண்டாம், மறைத்து வைத்தால் போதும்.

குளோபல் இல்லுமினேஷன் ஒளியை உண்டாக்காது. உள்ளே வந்த ஒளி தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி எங்கெல்லாம் போகிறது என்று கணக்குப் போடும், அவ்வளவுதான். இருட்டான மூலையில் விளக்கை வைத்துவிட்டால் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. ஒளி வருகிற வழி எதுவோ அங்கேதான் விளக்கு. உங்கள் வீட்டில் அது முற்றம்.

வெயிலுக்கு ஒரு சன் லைட், வானத்து ஒளிக்கு ஒரு ஸ்கை டெக்ஸ்ச்சர் போதும். ஸ்கை டெக்ஸ்ச்சரில் 'சன் டிஸ்க்' என்று ஒரு டிக் இருக்கும். தனியாகச் சன் லைட் வைக்கிறீர்கள் என்றால் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு சூரியன் காயும். நம் ஊருக்கு ஒன்றே அதிகம்.

வீட்டின் திசையைக் கேட்டுக்கொண்டு சூரியனை வையுங்கள். ஆரணியில் டிசம்பர் நண்பகலில் வெயில் தெற்கிலிருந்து சுமார் 54 பாகை உயரத்தில் வரும். வடக்குத் தாழ்வாரம் வரை எட்டிப் பார்க்கும். ஜூனில் கிட்டத்தட்ட உச்சியிலிருந்து, சற்றே வடக்கே சாய்ந்து இறங்கும். தரையில் சின்னக் கட்டமாக விழுவதோடு சரி. உங்கள் படத்துக்கு டிசம்பரே நல்லது.

இப்போதும் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்ச அளவை, கூட்டுங்கள். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும்; தாழ்வாரத்தின் உள்பக்கம் சில நூறுதான் இருக்கும். முற்றத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் நம் கண்ணுக்கே பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறதே. முற்றம் கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும்.

அடுத்தது தரை. படம் உயிர் பெறுவது இங்கேதான். மதியம் அந்த வீட்டுக்குப் போய், வெயில் விழும் ரெட் ஆக்சைடு தரைக்கு ஒரு சாண் மேலே வெள்ளைத்தாளைப் பிடித்து, குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குங்குமம் கரைத்த தண்ணீரில் நனைத்ததுபோல் சிவந்திருக்கும். தாழ்வாரத்துக் கூரைக்கு வெளிச்சம் கொடுப்பது அந்தத் தரைதான். வெயில் விழுந்த கட்டம்தான் உங்கள் உண்மையான விளக்கு. நீங்கள் வைத்த பாயின்ட் லைட்டுகள் வெள்ளை வெளிச்சம் கொட்டி அந்தச் சிவப்பைக் கழுவிவிட்டன.

தரை நிறத்தில், 0 முதல் 1 வரையிலான அளவில், சிவப்பை 0.35 அளவிலும், பச்சையையும் நீலத்தையும் 0.1க்குக் கீழேயும் வைப்பேன். இது என் கைக்கணக்கு. சுண்ணாம்புச் சுவரை 1.0 என்று, அதாவது பட்ட ஒளி முழுவதையும் திருப்பி அனுப்பும்படி, வைத்திருந்தால் உடனே 0.8க்கு இறக்குங்கள். 0.8 சுவரில் நாலு முறை பட்ட ஒளி 41 சதவீதமாகக் குறையும், 1.0 சுவரில் எத்தனை முறை பட்டாலும் குறையாது. அப்படி ஒரு சுண்ணாம்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

பிறகு ஒரு சோதனை. டிஃப்யூஸ் பவுன்ஸை (சுவர், தரை போன்ற பளபளப்பில்லாத பரப்பில் ஒளி எத்தனை முறை தெறிக்கலாம் என்ற எண்) 0, 1, 2, 4 என்று மாற்றிச் சின்ன அளவில் நாலு படம் எடுங்கள். எந்த மூலைக்கு எத்தனையாவது தெறிப்பில் ஒளி போய்ச் சேருகிறது என்று கண்ணாலேயே தெரியும். மென்பொருளில் ஆரம்பத்திலேயே இருக்கும் 4 தாழ்வாரத்துக்குப் போதும். உள் அறை தெரிகிறது என்றால் 8 வையுங்கள்.

வெள்ளைப் புள்ளிகளில் பாதி அந்த விளக்குகளோடேயே போயிருக்கும். மிச்சத்துக்கு, முற்றத்தின் திறப்பை மூடுகிற அளவில் ஓர் ஏரியா லைட் (பலகை போன்ற தட்டையான விளக்கு) வைத்து அதில் போர்ட்டலை டிக் செய்யுங்கள். அது தானாக ஒளி தராது, வானத்து ஒளி வரும் வழியை மென்பொருளுக்குக் காட்டிக்கொடுக்கும். பித்தளைக் குத்துவிளக்கு ஏதாவது இருந்தால் ரிஃப்ளெக்டிவ் காஸ்டிக்ஸை (பளபளப்பான பொருளில் பட்டுத் தெறித்து மற்ற பரப்பில் விழும் ஒளியின் கணக்கை) அணையுங்கள். சாம்பிளை (ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்ற எண்ணை) கண்டபடி ஏற்ற வேண்டாம்; படத்தின் புள்ளி இரைச்சல் பாதியாகக் குறைய நாலு மடங்கு நேரம் ஆகும்.

கடைசியாக, அந்த வீட்டில் நிஜமாகவே எரிகிற விளக்குகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரட்டும். பூஜை மாடத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு இருக்கலாம். அதற்கு ரேடியஸ் 3 சென்டிமீட்டர் கொடுங்கள்.