முதல் ராடுக்கு மூங்கில் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கைந்து வருடங்களாக ஃப்ளை ஃபிஷிங் (பூச்சிபோல் கட்டிய தூண்டிலை எறிந்து மீன்பிடிப்பது) செய்கிறேன். எல்லாம் கடையில் வாங்கிய ராடுகள், அதாவது தூண்டில் கம்புகள். இப்போது சொந்தமாக ஒன்று செய்துபார்க்க ஆசை. விசாரித்தால், "பிளாங்க் (வெறும் கம்பு) வாங்கி, கைடுகளை (தூண்டில் கயிறு ஓடும் வளையங்களை) நூலால் கட்டி, எபாக்சி (இறுகும் பிசின்) பூசினால் முடிந்தது" என்கிறார்கள். தொழிற்சாலையில் வந்த கம்பில் நூல் சுற்றிவிட்டு 'நானே செய்த ராட்' என்று சொல்லிக்கொள்வது எனக்குப் போலித்தனமாகப் படுகிறது. மூங்கிலைப் பிளந்து செய்வதுதானே முறை? அதிலிருந்தே தொடங்கலாமா? செலவு மிச்சமாகுமா, எபாக்சி காயும்வரை ராடைச் சுழற்றும் மோட்டார் அவசியமா என்பதையும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

செலவை முதலில் முடித்துவிடுகிறேன். மிச்சமாகாது. விலை கூடிய ராடோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குறையலாம். ஆனால் நூல், எபாக்சி, பிரஷ், அரம் என்று சில்லறைச் சாமான்கள் அந்த லாபத்தைத் தின்றுவிடும். பணம்தான் காரணம் என்றால் கடையில் தள்ளுபடி வரும்வரை பொறுத்திருங்கள்.

இனி மூங்கில். மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து ஒட்டி ராட் செய்வதை அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிவைத்தவராகச் சாமுவேல் ஃபிலிப்பியைச் சொல்வார்கள். ஆறு பட்டை ராடைப் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஹைரம் லெனார்ட். இருவரும் துப்பாக்கி செய்யத் தெரிந்தவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தென்சீனத்து டோங்கின் மூங்கிலைப் பிளந்து, கணுக்களைச் சூடுகாட்டி நேராக்கி, ஒவ்வொரு பட்டையையும் 60 பாகை முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டவேண்டும். இழைப்பின் அளவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் பார்ப்பார்கள். இது வீண் பிடிவாதம் அல்ல. வளைவதற்கு ஒரு கம்பு காட்டும் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நுனிப்பக்கம் 1.8 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடம் 1.9 ஆகிவிட்டால் அங்கே விறைப்பு ஏறக்குறைய கால்வாசி கூடிவிடும். ராட் சரியாக எறியவில்லை என்றால் தவறு இழைப்பிலா, ஒட்டியதிலா, கைடு வைத்த இடத்திலா என்று முதல்முறை செய்பவருக்குப் பிடிபடாது.

நீங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. மூங்கில் ராட் செய்பவரும் ஆறு பட்டைகளை ஒட்டி முடித்ததும் கைடு கட்டத்தான் உட்காரவேண்டும். நூலும் அதேதான், சுற்றும் விதமும் அதேதான். பிளாங்க் வாங்கிச் செய்பவர், மூங்கில்காரரின் வேலையில் பின்பாதியைச் செய்கிறார். அந்தப் பாதியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். போலித்தனம் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. பிளாங்க்கின் குணத்தை அதைச் செய்தவர் தீர்மானித்துவிட்டார், உண்மை. அதைக் கெடுக்காமல் மீன்பிடிக்கும் ராடாக ஆக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

9 அடி, நான்கு துண்டு, 5ஆம் எண் எடையுள்ள லைனுக்கான (தூண்டில் கயிற்றுக்கான) கிராஃபைட், அதாவது கார்பன் இழை பிளாங்க் வாங்குங்கள். ஃப்ளை ராட் லைனின் எடையைத்தான் எறிகிறது. 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். உங்களுக்கு அது கைக்குப் பழகிய எடையாகவே இருக்கும், எனவே ராடில் குறை இருந்தால் உடனே தெரியும்.

ஸ்பைன், அதாவது பிளாங்க் இயல்பாக வளையும் பக்கம் பற்றி ஆளுக்கொரு கட்சி. துண்டின் அடியைத் தரையில் ஊன்றி, லேசாக வளைத்து உருட்டினால் ஓரிடத்தில் டக்கென்று திரும்பி நிற்கும். அந்தப் பக்கத்தை வைத்தே கைடு கட்டவேண்டும் என்பார்கள் சிலர். நான் ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, நேராகத் தெரியும் பக்கத்தில் கட்டிவிடுவேன்.

நேரத்தைக் கொட்டவேண்டிய இடம் கைடின் பாதம். வாங்கிய கைடில் அதன் முனை படிபோல் தடித்திருக்கும். நூல் அந்தப் படியில் ஏறும்போது வழுக்கி இடைவெளி விடும். அரத்தால் தேய்த்து, கத்தி விளிம்புபோல் சரிவாக்குங்கள். பிறகு அடிப்பக்கத்தில் பிசிர் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிசிர் இருந்தால் அது கிராஃபைட்டைக் கீறும். ராட் பின்னால் ஒருநாள் அந்த இடத்தில்தான் முறியும்.

கட்டுவதற்கு ஏ அளவு நைலான் நூல். அட்டைப் பெட்டியின் இருபுறமும் வெட்டு போட்டால் அதுவே ஸ்டாண்ட். நூலைக் கனமான புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே ஓடவிட்டால் இழுவிசை கிடைத்துவிடும். கட்டி முடித்தபின் கட்டைவிரலால் தள்ளினால் கைடு ஒரு மயிரிழை நகரவேண்டும், எல்லாவற்றையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவர அது வேண்டும். சாதாரண நைலான் நூல் எபாக்சியைக் குடித்ததும் நிறம் இருண்டு, ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். நிறம் மாறக்கூடாது என்றால் முதலில் நிறத்தைக் காக்கும் கலர் பிரிசர்வர் திரவத்தைப் பூசுங்கள்.

எபாக்சியின் இரு பாகங்களையும் தனித்தனி சிரிஞ்சில் சரிபாதியாக அளந்து எடுங்கள். கண்ணளவு இங்கே உதவாது. விகிதம் பிசகினால் பிசுபிசுப்பு போகவே போகாது. நிதானமாகக் கலக்கி, அலுமினியத் தாளில் பரப்பினால் குமிழிகள் தாமாக வெளியேறும். ஒரே தடிப்பாகப் பூசாமல் மெல்லிய இரு பூச்சாகப் பூசுங்கள். மோட்டார் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் வழிவது நிற்கும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை ராடைக் கையால் அரைச்சுற்று திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு மாலைப்பொழுது அதற்கே போய்விடும், வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நுனி வளையத்தை மட்டும் எபாக்சியால் ஒட்டாமல் சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். என்றாவது மாற்றவேண்டி வரும். அப்போது வளையத்தின் உலோகக் குழாயைச் சூடாக்கினால் போதும், பிளாங்க்கில் தீ படக்கூடாது.

பிளாங்க் வந்து சேர்ந்ததும் நான்கு துண்டையும் மாட்டி வளைத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். துண்டுகள் இணையும் வாய்ப்பகுதி நூல் கட்டு இல்லாமல் வளைந்தால் நீளவாக்கில் பிளந்துவிடும். கைடு இல்லாத வாய்க்கும் கட்டு போடவேண்டும். எல்லாக் கட்டுகளிலும் எபாக்சி இறுகிய பிறகு வளையுங்கள்.