96 மதிப்பெண் வாங்கிய பழக்கூடம்

கேள்வி: உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருடம் படிக்கிறேன். ஆலைகளைத் தணிக்கை செய்யும் வேலைக்குப் போக ஆசை. அது படிவத்தில் டிக் போடும் வேலைதான் என்கிறார் மாமா. உண்மையா?

பதில்: அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதன் விலை என்ன என்று அமெரிக்காவின் கொலராடோவில் 2011-இல் தெரிந்தது. ஜென்சன் ஃபார்ம்ஸ் என்ற முலாம்பழப் பண்ணையின் பேக்கிங் கூடத்தை ஜூலை கடைசியில் ஒரு தனியார் தணிக்கையாளர் பார்த்து, 100-க்கு 96 போட்டார். அந்தப் பருவத்துப் பழங்களால் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். அப்புறம் அரசு அதிகாரிகள் போய்ப் பார்த்தால், தரையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, உருளைக்கிழங்குக்குப் பயன்பட்ட பழைய இயந்திரத்தில் பழம் கழுவியிருக்கிறார்கள், அதைச் சரியாகச் சுத்தம் செய்யவும் வழியில்லை, கூடத்தில் துடைத்து எடுத்த 39 மாதிரிகளில் 13-இல் லிஸ்டீரியா கிருமி. கழுவும் நீரில் கிருமிநாசினி கிடையாது என்பது தணிக்கை அறிக்கையிலேயே இருந்தது, ஆனால் தோல்வி போட அது போதவில்லை என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது!

பெரும்பாலும் தணிக்கைக் கட்டணத்தைத் தருவது தணிக்கைக்கு உட்படும் ஆலைதான், தேதியும் முன்பே தெரியும். சரி, அதற்காக இந்த வேலையை விட்டுவிடாதீர்கள், கண் உள்ளவர்கள்தான் இதற்கு வர வேண்டும். ஐஎஸ்ஓ 22000 (உணவுப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை), ஹெச்ஏசிசிபி (உணவில் ஆபத்து வரக்கூடிய இடங்களை முன்பே கண்டு கட்டுப்படுத்தும் முறை) எல்லாம் படியுங்கள், ஆனால் முதலில் ஏதாவது ஓர் ஆலையின் உற்பத்திப் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பாருங்கள். இரவு ஷிப்டில் இயந்திரத்தைக் கழற்றிக் கழுவுபவரிடம் பேசுங்கள், கன்வேயரின் அடிப்பக்கத்தையும் கழிவுநீர் போகும் வழியையும் குனிந்து பாருங்கள்.