கோலாலம்பூரில் வசந்த காலம் உண்டா? காட்டுத்தீப் பருவம் எப்போது தொடங்கும்?

வசந்தம் நாட்காட்டியில் கிடையாது. ஆனால் தைப்பூசம், சீனப் புத்தாண்டை ஒட்டி மரங்கள் காட்டிக்கொடுத்துவிடும். மிச்சமிருக்கும் ரப்பர் தோட்டங்களில் இலை செம்பழுப்பாகிக் கொட்டும். பால் மரம் வெட்டிய, அதாவது ரப்பர் பட்டையைச் சீவிப் பால் எடுத்த, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது கையில் காசு குறையும் காலம். புதிதாகத் துளிர்க்கும்வரை பால் சுரப்பது குறைந்துவிடும். நகரத்துக்குள் என்றால் தெக்கோமா மரம். சில வாரம் வெயில் காய்ந்தால் இலையை உதிர்த்துவிட்டு ரோஜா நிறத்தில் பூத்துத் தள்ளும். 'மலேசிய சக்குரா' என்று படம் போடுகிறார்கள். உண்மையில் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். ஜப்பானியச் செர்ரி மரமான சக்குராவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அந்தப் பூவைக் கொண்டுவரும் வறட்சிதான் தீயையும் கொண்டுவருகிறது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கரையை நனைத்துவிட்டு பிப்ரவரி வாக்கில் மழை குறைந்துவிடும்; தீப் பருவம் அப்போதுதான் தொடங்கும். கிள்ளான் பக்கம் ஜொஹான் செத்தியா, கோல லங்காட் போன்ற இடங்களில் இருப்பது பாதி மக்கிய இலைதழை சேர்ந்த சதுப்புநிலக் கரிமண். விவசாயத்துக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அந்த மண்ணே விறகாகிவிடும். தீ தரைக்கு அடியில் ஊரும். பொம்பா (தீயணைப்பு) வண்டி வந்து மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்; நிலத்தடி நீரை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் நல்ல மழை பெய்ய வேண்டும்.

புகை வந்தாலே இந்தோனேசியாவைத் திட்டுவது நம் வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது பெரும்பாலும் நியாயம்தான். தென்மேற்குக் காற்று சுமத்ராவின் புகையை இங்கே தள்ளும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலையே அறிவித்தார்கள். பிப்ரவரியில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வீசுகிறது. அப்போது மூக்கில் ஏறுவது பெரும்பாலும் நாமே வைத்த தீ. குப்பை, காய்ந்த புல், நிலம் திருத்தக் கொளுத்துவது, அவ்வளவுதான்.

ஏப்ரல் வாக்கில் மாலை இடிமழை தொடங்கினால் ஓரளவு தணியும். அதுவரை சுற்றுச்சூழல் துறையின் காற்றுக் குறியீட்டைத் தினமும் ஒருமுறை பாருங்கள். 50 வரை நல்லது, 100 வரை மிதம். 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பாதீர்கள். துணி முகக்கவசம் இந்த நுண்துகளைத் தடுக்காது, என்95 வாங்குங்கள். அப்புறம், பக்கத்துக் காலி நிலத்தில் புகை கண்டால் 999க்கு அழைத்துவிடுங்கள்.