சட்டைப்பையும் சுருக்குப்பையும்

அன்புள்ள ஐயா,

பிள்ளைகளுக்கென்று அரசு மாதாமாதம் பணம் தரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருவில் அந்தப் பணம் பொழுது சாய்வதற்குள் மதுக்கடைக்குப் போய்விடும். காசுக்குப் பதில் கூப்பன் கொடுத்தால் என்ன?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் காசா கூப்பனா என்று பார்ப்பதற்கு முன்னால், யார் கையில் கொடுப்பது என்று பார்க்கவேண்டும்.

பிரிட்டனில் இந்தச் சண்டை 1945-லேயே நடந்தது. பிள்ளைகளுக்காகக் குடும்பங்களுக்கு அரசு பணம் தரும் குடும்பப்படி மசோதாவில், பணம் தகப்பனுக்கு என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தப் படிக்காக இருபது வருஷத்துக்கும் மேலாகப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன், தாய்க்கு இல்லையென்றால் மசோதாவையே எதிர்ப்பேன் என்று நின்றார். தாய்க்கே என்று முடிவானது. 1946 ஆகஸ்டில், இரண்டாவது பிள்ளையிலிருந்து தலைக்கு வாரம் 5 ஷில்லிங் வரத் தொடங்கியது. அதைப் பார்க்க ராத்போன் அம்மாள் இல்லை, ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

1970-களின் கடைசியில் இன்னொரு மாற்றம். பிள்ளைகளின் பேரில் தகப்பனுக்குக் கிடைத்துவந்த வருமானவரிச் சலுகையை எடுத்துவிட்டு, தாயிடம் பணமாகவே கொடுத்தார்கள். பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் வீட்டுச் செலவுக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஆண்களின் துணிமணிச் செலவோடு வைத்துப் பார்த்தால், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணி எடுத்த செலவு கூடியிருந்தது. சட்டைப்பையிலிருந்து சுருக்குப்பைக்கு மாறியதற்கே இவ்வளவு.

கூப்பனா? குடிக்கிறவன் அதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுக் குடிப்பான். செருப்பு அறுந்துபோன பிள்ளைக்கு அரிசிக் கூப்பன் எதற்கு? பள்ளியில் சமைத்துப் போடுவது வேறு விஷயம். சத்துணவையும் காலை உணவையும் நான் குறைசொல்ல மாட்டேன்.

நம் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரிலிருந்து பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது. கை சரியான கைதான். ஆனால் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கும் நாலு பிள்ளை உள்ள வீட்டுக்கும் அதே 1000 ரூபாய். தலைக்கு இவ்வளவு என்று பிள்ளைகளை எண்ணிக் கொடுக்கும் பணம் ஒன்று தனியாக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கணக்கு பெண் பேரில் இருந்தால் மட்டும் போதாது என்பீர்கள். அதுவும் வாஸ்தவம். எங்கள் தெருவில் இட்லிக்கடை போடும் அக்காவின் ஏடிஎம் கார்டு ரொம்ப நாள் அவர் வீட்டுக்காரரின் சட்டைப்பையில்தான் இருந்தது. சண்டை போட்டு வாங்கிவிட்டார். இப்போது ஏதோ ஒரு பானைக்குள் இருக்கிறதாம். எந்தப் பானை என்று என்னிடமும் சொல்லவில்லை.